அய்யாவின் கௌதாரியும் மிசௌரிக் காட்டு வான்கோழியும்

எங்கள் வீட்டு ஆண் வான்கோழி எந்தச் சத்தத்துக்கும் பதில் சொல்லாமல் இருக்காது. ஏர்வாடி போகிற பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் ஒரு கொளகொளப்பு. கோயிலில் கொட்டு அடித்தால் ஒன்று. மழைக்காலத்தில் இடி இடித்தால், இடி முடிவதற்குள் இது தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று "ஓ"வென்று கத்துவார்கள். இதுவும் கழுத்தை நீட்டிக் கொளகொளவென்று கத்தும். அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். நானும் சின்ன வயதில் அப்படிக் கத்திவிட்டு ஓடியவன்தான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டென்பதை, வான்கோழி காட்டுப் பறவையாகவே வாழ்கிற ஊருக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கலுக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் பனங்காடு. நடுவில் குடை விரித்தாற்போல் உடை மரங்களும், அவற்றை நெருக்கிக்கொண்டு சீமைக்கருவேலமும். ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மகள் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறாள். பேரன் பிறந்த வருடம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயது தாண்டியவர். வேலி ஓரம் நின்று மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர், நான் ஊரில் வான்கோழி வளர்க்கிறேன் என்று கேட்டதும் கையோடு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை எடுத்துவந்தார்.

உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய பெட்டி. மேலே துடுப்பு மாதிரி ஒரு மூடி, ஒரு முனையில் மட்டும் திருகாணி போட்டது. பெட்டியின் விளிம்பில் மூடியை அவர் உரசியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சாக எங்கள் வீட்டுப் பெட்டை வான்கோழியின் குரல். சாயங்காலம் நான் கம்பு போட மறந்துவிட்டால் கூப்பிடுமே, அதே குரல். உராய்வு சரியாக இருக்க மூடியின் அடியில் சாக்பீஸ் தேய்க்க வேண்டுமாம். முப்பத்தைந்து வருடம் கையில் சாக்பீஸ் பிடித்தவன் நான். அதை வாங்கி நானே தேய்த்துக் கொடுத்தேன்.

"மாமா, நாளைக் காலையில காட்டுக்கு வர்றீங்களான்னு கேக்குறார். துப்பாக்கி அவர்கிட்ட மட்டும்தான். நீங்க சும்மா உக்காந்து பாக்கலாமாம்," என்றார் மாப்பிள்ளை.

"நீங்களும் வாங்க மாப்பிள்ளை. அவர் பேசுறது எனக்குப் பாதிதான் விளங்கும்," என்றேன்.

கிளம்பும்போது மணி நான்கு. குளிருக்குச் சால்வை போர்த்தி, தோளில் வழக்கம்போல் வெள்ளைத் துண்டும் போட்டிருந்தேன். அவர் முதலில் அந்தத் துண்டைத்தான் எடுக்கச் சொன்னார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் காட்டுக்குள் ஆகாது. ஆண் வான்கோழியின் தலையிலும் கழுத்திலும் உள்ள நிறங்கள் அவை. புதருக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தால், வேறு வேட்டைக்காரர் எவராவது பறவை என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடும். உட்காரும்போதும் நம் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பின்னாலிருந்து குண்டு வந்தாலும் மரம் தாங்கும். பறவைக்கும் நம் உருவம் தனியாகத் தெரியாது. வான்கோழிக்கு மோப்பம் சொல்லும்படி இல்லை. ஆனால் கண் மிகக் கூர்மை. மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது.

இருட்டில் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் வாயைக் குவித்து ஆந்தை மாதிரி அலறினார். அடுத்த நொடியே பள்ளத்துக்கு அப்பால் ஒரு மரத்தின் மேலிருந்து கொளகொளகொள என்று பதில் வந்தது. எங்கள் வீட்டு வான்கோழி பஸ் ஹாரனுக்குச் சொல்கிற அதே பதில். இனச்சேர்க்கைக் காலத்தில் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் ஆணுக்கு அடக்கமுடியாமல் குரல் வெளிவந்துவிடும். இரவில் அவை மரக்கிளையில் அடைகின்றன. எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்று அறியத்தான் அந்த ஆந்தைக் குரல். வேலி ஓரம் நின்று கத்துகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் கிழவருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்றுதான்.

வெளுத்ததும் அது இறங்குகிற சத்தம் கேட்டது. எட்டு ஒன்பது கிலோ எடையுள்ள பறவை கிளைகளுக்கிடையில் சிறகடித்து இறங்கினால் யாரோ ஜமுக்காளத்தை உதறுவதுபோல் இருக்கிறது. அவர் பெட்டியை இரண்டு முறை மெதுவாக உரசிவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு நாற்பது நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அய்யா ஞாபகம் வந்துவிட்டது.

அய்யா என்றால் என் அப்பாவின் அப்பா. பனையேறி. பதநீர் இறக்குவது தொழில், கௌதாரி பிடிப்பது அவருக்குப் பிரியம். பனை ஈர்க்கில் முடைந்த கூண்டில் ஒரு பழக்கின கௌதாரி வைத்திருந்தார். மிருகத்தைக் காட்டி மிருகத்தைப் பிடிப்பதற்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று ஒரு சொல் இருந்தது. பார்வை மான், பார்வை விலங்கு என்பார்கள். அய்யாவுக்கு அந்தச் சொல் தெரியாது. 'நம்ம பய' என்றுதான் அந்தக் கௌதாரியைச் சொல்வார். பயலுக்குக் கரையான் கொண்டுவருவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் புற்றைக் கொத்தி, ஒரு சிரட்டை நிறையக் கரையானோடு ஓடிவருவேன்.

விடிவதற்கு முன் கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வடலிகளுக்கு, அதாவது இளம்பனைகளுக்கு நடுவே போவோம். கூண்டைச் சுற்றிக் கண்ணி வைத்துவிட்டு, பத்து எட்டு தள்ளி ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்காருவோம். துணியை எடுத்துவிட்ட கொஞ்ச நேரத்தில் பயல் கூப்பிடத் தொடங்குவான். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்து கத்துவதைக் காட்டுக் கௌதாரியால் பொறுக்க முடியாது. சண்டைக்கு ஓடிவரும், கால் கண்ணியில் மாட்டும். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் பனையோலைச் சலசலப்பில் குரல் எடுபடாது. அந்த நாட்களில் அய்யா போகவே மாட்டார். "காத்து ஓயட்டும்டா" என்பார்.

பெட்டை விழுந்தால் விட்டுவிடுவார். காலைப் புரட்டி, ஆணுக்கு உள்ள கால் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். முள் இல்லாவிட்டால் தரையில் வைத்து, முதுகில் ஒரு தட்டு. அது குடுகுடுவென்று வடலிக்குள் ஓடிவிடும். "பெட்டையப் பிடிச்சா காடு வெறுங்காடாயிரும்டா." இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஓக் மரத்தடியில் நான் ஏன் இதை நினைத்தேன் என்றால், அதே விதி அங்கே சட்டமாகவே இருந்தது. வசந்த கால வேட்டையில் ஆணையோ, மார்பில் தாடி தொங்குகிற பறவையையோ மட்டுமே சுடலாம். தாடி என்பது குதிரை மயிர் மாதிரி ஒரு கொத்து, அநேகமாக ஆணுக்குத்தான் இருக்கும். ஆளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. சுட்ட அன்றே இரவு பத்து மணிக்குள் வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு அழைப்பது குற்றம். கையால் உரசியோ வாயால் ஊதியோதான் அழைக்கலாம்.

அன்று அந்த ஆண் வந்தது, ஆனால் சுடும் தூரத்துக்கு வரவில்லை. மேட்டுக்குப் பின்னால் நின்று வாலை விசிறியாய் விரித்துக்கொண்டு காத்திருந்தது. அதில் அதன் தவறு ஒன்றுமில்லை. காட்டில் நடக்கிற முறை அதுதான். ஆண் நின்ற இடத்தில் நின்று தோகை விரிக்கும், பெட்டைதான் தேடி வரும். வேட்டைக்காரர் பெட்டைக் குரலில் ஆணை வரச்சொல்லுகிறார், அந்த முறையையே புரட்டப் பார்க்கிறார். அதனால்தான் இது இவ்வளவு கடினம். கொஞ்ச நேரத்தில் நிஜமான பெட்டை ஒன்று எங்கிருந்தோ வந்தது. இரண்டும் சரிவில் இறங்கிப் போய்விட்டன.

மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிய கதையை நம் ஊரில் எல்லாரும் சொல்வோம், நானே வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மேட்டில், முதல் வெயில் பட்டு, செம்பும் பச்சையுமாக மின்னிய இறகோடு அது நின்றதைப் பார்த்தபின் அந்த உவமையை என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. அது யாரைப் பார்த்தும் ஆடவில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பறவையான வான்கோழி கடல் கடந்து இங்கே வந்தது ஐரோப்பியர் கப்பல்களில். 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரண்மனைக்கு ஒன்று போனது. மன்சூர் என்ற ஓவியர் அதை வரைந்தும் வைத்தார். கழுத்துச் சதையின் ஒவ்வொரு மடிப்பையும் விடாமல் வரைந்திருக்கிறார். நின்று நிதானமாகப் பார்த்தவரின் படம் அது.

மூன்றாம் நாள் ஒன்று கிட்டியது. ஒரே குண்டு. கிழவர் உடனே எழுந்து ஓடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு போய் இறகுகளை நீவிவிட்டார். ஒன்பதரைக் கிலோ. கால் முள் என் கட்டைவிரல் நகத்தைவிட நீளம். ஒரு தொடையை எங்களுக்குக் கொடுத்தார். நடந்தே வளர்ந்த கால், சதை கயிறாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன முண்டு மிளகாயை அரைத்துப் போட்டு, மகள் குக்கரில் வெகுநேரம் வேகவைத்தாள்.

அந்தக் காட்டில் ஒரு காலத்தில் வான்கோழி அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது என்று, அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிழவர் சொன்னார். காட்டை வெட்டினார்கள், சந்தைக்குச் சுட்டுத் தள்ளினார்கள். 1937-இல் மிசௌரியில் வேட்டையை அடியோடு நிறுத்தினார்கள். அதே 1937-இல்தான் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரியை வனவிலங்குக்கே செலவிட வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. நீளத் துப்பாக்கிக்கு இன்றும் 11 சதவீதம். பண்ணையில் பொரித்து வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவை பிழைக்கவில்லை. பிறகு, மிச்சமிருந்த காட்டுப் பறவைகளையே வெடியால் வலையை வீசிப் பரப்பிப் பிடித்து, வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அவைதான் பெருகின. 1960-இல் மறுபடி வேட்டைக்குத் திறந்தார்கள். இப்போது திரும்பவும் எண்ணிக்கை இறங்குகிறது, குஞ்சுகள் தங்குவதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

பண்ணைப் பறவை பிழைக்கவில்லை என்றதும் எனக்கு வியப்பு வரவில்லை. வான்கோழிக் குஞ்சு வளர்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சு, தீனி முன்னால் கிடந்தாலும் கொத்தத் தெரியாமல் பட்டினியில் சாகும். முதல் தடவை வளர்த்தபோது பதினொன்றில் ஏழு போய்விட்டன, ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த முறை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் மூன்றை உடன் விட்டேன். அவை கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தின. தண்ணீர்க் கிண்ணத்தில் கோலிக்குண்டு போட்டு வைப்பேன், பளபளப்பைக் கொத்தப்போய் மூக்கு நனையும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டிய பறவை அது. தாயோடு திரியாத குஞ்சுக்கு நரியும் தெரியாது, பருந்தும் தெரியாது.

அய்யாவின் பயலுக்கும் அதுதான் நடந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி எட்டச் சில வருடங்கள் ஆயின. கௌதாரி பிடித்தால் குற்றம் என்று கேள்விப்பட்ட அன்றே அய்யா கண்ணிகளைச் சுருட்டி அடுப்பில் போட்டார். கூண்டைத் திறந்துவிட்டார். பயல் போகவில்லை. திண்ணையிலேயே சுற்றிக்கொண்டிருந்தான், இரவில் கூண்டுக்குள் தானே போய்ப் படுத்தான். காலையில் கூப்பிடுவான், காட்டிலிருந்து ஆண் வந்து அடித்துவிட்டுப் போகும். ஒருநாள் காணவில்லை. அப்பத்தா வேலி ஓரமெல்லாம் தேடிவிட்டு இரண்டு இறகோடு வந்தாள். அய்யா ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் பனையேறவும் போகவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் செல்போனும் ஸ்பீக்கரும் வலையுமாக உடங்காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். போனில் கௌதாரிக் குரல் பதிந்து வைத்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், அமெரிக்காவுல லைசென்ஸ் குடுத்து சுட விடுறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இங்க மட்டும் ஏன் சார் கூடாதுங்கிறாங்க? உங்க அய்யாவும் புடிச்சவர்தான?"

நியாயமான கேள்வி. அவனைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுத நினைத்தேன்.

வான்கோழியில் ஒரு ஆண் பல பெட்டைகளோடு சேரும். சேர்ந்தபின் முட்டையும் குஞ்சும் பெட்டையின் பாடு, ஆணுக்கு அதில் வேலையே இல்லை. ஆகவே பெட்டைகள் அடைக்கு உட்காரத் தொடங்கும் காலத்தில் சில ஆண்களை எடுத்தால் அடுத்த வருடக் குஞ்சு குறையாது. அந்த வேட்டைக் காலமே இந்தக் கணக்கைப் பார்த்து வைத்ததுதான். கௌதாரி அப்படி இல்லை. அது ஜோடியாக வாழ்கிற பறவை. குஞ்சோடு தாயும் திரியும், தகப்பனும் திரியும். கூட்டமாக முள் மரத்தில் அடையும்போதும் குடும்பமாகத்தான் அடையும். முள் இருக்கிற காலைப் பார்த்து ஆணைப் பையில் போட்டு, பெட்டையைத் தட்டி விட்டாரே என் அய்யா, அந்தப் பெட்டை ஓடிப்போய் யாரோடு குஞ்சு வளர்த்திருக்கும்? அய்யா நல்ல மனிதர். காடு வெறுங்காடாகக் கூடாது என்று நிஜமாகவே நினைத்தவர். அவர் விதி வான்கோழிக்குச் சரியான விதி, கௌதாரிக்குப் போதாத விதி. இதை எனக்கு அறுபது வயதுக்கு மேல், பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மரத்தடியில்தான் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் இருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன். போன் களைக்காது. பயல் பத்துத் தடவை கூப்பிட்டால் தொண்டை வறண்டு நிறுத்திவிடுவான், காற்று அடித்தால் அய்யா வீட்டில் இருந்துவிடுவார். அந்தத் தடைகளெல்லாம் காட்டுப் பறவைக்குக் கிடைத்த அவகாசம். ஸ்பீக்கர் விடிய விடிய கூப்பிடும், வலையில் ஆண் பெண் குஞ்சு எல்லாம் ஒன்றாக விழும். வேட்டைக்குத் திறந்துவிட்ட நாட்டிலேயே அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே துறை ஆட்கள் எத்தனை பறவை, எத்தனை குஞ்சு என்று வருடாவருடம் கணக்கெடுத்துவிட்டுத்தான் திறக்கிறார்கள். நம் உடங்காட்டில் கௌதாரி எத்தனை என்று யார் எண்ணியிருக்கிறார்கள்? மேலச்செல்வனூர் கண்மாய்க்கும் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வருகிற நாரைகளை எண்ண ஆட்கள் வருகிறார்கள், நல்ல காரியம். புதருக்குள் ஓடுகிற மண்நிறப் பறவையை எண்ண யாரும் வருவதில்லை.

பையன் வலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எடுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாசலில் வந்து நின்று, "எண்ணலாம்னீங்களே சார், எப்பிடி எண்ணுறது?" என்று கேட்டான்.

எண்ணுவது சுலபம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஆண் வான்கோழிகளைக் காதால் எண்ணுகிறார்கள். குறிப்பிட்ட இடத்தில் நின்று, குறிப்பிட்ட நிமிடம் கேட்டு, எத்தனை குரல் எந்தத் திசையில் என்று குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது. நாங்களும் அதையே செய்கிறோம். உப்பளத்துக் கரையில் தொடங்கி, பனங்காட்டு வரப்பு வழியாகக் கண்மாய் வரை ஆறு இடம். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தேதி, காற்று, குரல் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன்.

கிழவர் அந்த மரப்பெட்டியை நான் கிளம்பும்போது எனக்கே கொடுத்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அதை உரசினால் எங்கள் வீட்டு ஆண் தொழுவத்திலிருந்து வாலை விரித்துக்கொண்டு வந்து, பெட்டையைக் காணாமல் என்னையே சுற்றி வரும். அதை ஏமாற்ற மனமில்லாமல் ஒரு பிடி கம்பு போட்டுவிடுவேன். கௌதாரிக்கு அந்தப் பெட்டி ஒத்துவராது. அதற்கு எதுவும் தேவையும் இல்லை, பொழுது வெளுக்கும்போது தானே கூப்பிடும்.

இன்று வாடைக் காற்று இல்லை, பனையோலை அசையவில்லை. ஆறு இடத்திலும் சேர்த்து ஒன்பது குரல், கண்மாய்க் கரையில் மட்டும் நான்கு. ஒரு ஜோடி எங்களுக்கு முன்னால் வண்டித்தடத்தைக் கடந்து போனது. பின்னால் குஞ்சு வருகிறதா என்று பையன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வரவில்லை. அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே கிளம்பலாம் என்று சொல்லியிருக்கிறான்.